கோடை லீவில் அடுப்பேற்றாத காலையும் மாலையும்: எட்டுப் பேர் வீட்டின் செய்முறையும் கணக்கும்

சித்திரையும் வைகாசியும் எங்கள் பக்கம் கையில் காசு புரளாத மாதங்கள். சம்பா அறுத்து, வயலில் தெளித்த உளுந்தும் பயறும் எடுத்து முடித்திருப்போம். அடுத்த வரவு குறுவை அறுப்பில்தான். குறுவைக்கான செலவோ அதற்கு வெகுமுன்பே வந்து நிற்கும். ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பார்கள் என்று நம்பி, அதற்குள் விதைநெல், உழவு, நாற்றங்கால் எல்லாவற்றுக்கும் பணம் புரட்டி வைக்க வேண்டும். பள்ளிக்கூட நோட்டு, சீருடை, வேன் காசு எல்லாம் அதே ஜூனில் வரும். இந்த இடைவெளியில்தான் பிள்ளைகளுக்கு முழுப்பரீட்சை லீவு வருகிறது, வீட்டில் ஆளும் கூடுகிறது.

தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. குத்தகைக்கு மூன்று மா நிலம், ஏறத்தாழ ஒரு ஏக்கர். நான் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். நானும் அவரும், இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று ஐந்து பேர். லீவு விட்டதும் நாத்தனார் தன் இரண்டு பிள்ளைகளோடு வந்துவிடுவாள். இந்த முறை அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி. ஆக எட்டுப் பேர். மே மாத வெயிலில், ஓடு போட்ட வீட்டின் சமையலறையில், விடிகாலையில் ஒரு தடவையும் சாயந்திரம் ஒரு தடவையும் அடுப்படியில் நிற்பது உடம்புக்கும் பாடு, சிலிண்டருக்கும் பாடு. அதனால் இந்த லீவு முழுக்கக் காலை டிபனையும் சாயந்திரத் தீனியையும் அடுப்பில் ஏற்றாமல் செய்துபார்ப்பது என்று முடிவெடுத்தோம். மதியம் வழக்கம்போல் சோறு, குழம்பு, கிடைத்தால் மீன். ராத்திரிக்கு மதியச் சோறுதான்.

மூன்று வேளையும் பச்சையாகவே சாப்பிடும் இயற்கை உணவுக்காரர்களை எனக்குத் தெரியும். அந்த வழியை வளரும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நான் எடுக்கமாட்டேன். பருப்பும் அரிசியும் வெந்தால்தான் முழுசாகச் செரிக்கும். கேரட்டில் இருக்கும் சத்து, வேகவைத்துக் கொஞ்சம் எண்ணெயோடு சாப்பிட்டால்தான் உடம்பில் கூடுதலாக ஒட்டும். பச்சைக் காய்கனிகளில் பி12 என்ற சத்து கிடையவே கிடையாது, அதற்குப் பாலோ முட்டையோ மீனோ வேண்டும். அதே சமயம் எலுமிச்சை, நெல்லி, கொய்யா, முளைப்பயறு இவற்றில் உள்ள வைட்டமின் சி சூட்டில் அழியும், பச்சையாகச் சாப்பிட்டால்தான் முழுசாகக் கிடைக்கும். ஆகவே இரண்டு வேளை அடுப்பில்லாமலும் ஒரு வேளை அடுப்போடும் என்பது எங்கள் அளவு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவல் என்பது நெல்லை ஊறவைத்து, சூட்டில் வறுத்து, இடித்துத் தட்டையாக்கியது. வெல்லம் கொப்பரையில் காய்ந்தது. கறாராகப் பார்த்தால் இரண்டும் பச்சை உணவு ஆகாது. அன்றைக்கு எங்கள் வீட்டு அடுப்பில் ஏறாததா என்பது மட்டுமே நான் வைத்துக்கொண்ட வரம்பு.

காசு எங்கே மிச்சமானது

இந்தக் கணக்கை முதலிலேயே சொல்வது நல்லது. ஏனென்றால் பச்சையாகச் சாப்பிட்டால் செலவு தானாகக் குறையும் என்று பலரும் நினைக்கிறார்கள். எட்டுப் பேருக்கு ஒரு காலைக்கு எங்களுக்கு ஆனது இது: தடி அவல் 700 கிராம் சுமார் 45 ரூபாய், பச்சைப்பயறு 200 கிராம் கடை விலைக்கு 24, தேங்காய் இரண்டு 50, நிலக்கடலை 150 கிராம் 21, வெல்லம் 9, பூவன் பழம் எட்டு 32, எலுமிச்சை, இஞ்சி, கொத்தமல்லி எல்லாம் சேர்த்து 10. மொத்தம் 190 ரூபாயை ஒட்டி வருகிறது. இட்லி சாம்பார் என்றால்? ரேஷன் புழுங்கலரிசிக்கு விலை கிடையாது, உளுந்து வயலில் வந்தது, துவரம்பருப்பும் ரேஷன். காய், ஒரு தேங்காய், எண்ணெய், புளி, மிளகாய், கேஸ் எல்லாம் சேர்ந்தாலும் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். எல்லாவற்றையும் கடையில் வாங்குகிற வீட்டுக்கு அடுப்பில்லாக் காலை உணவு இட்லியைவிட விலை கூடியதுதான். எங்களுக்குப் பயறு வயலிலிருந்து வந்தது, தேங்காய் கொல்லையில் இருக்கும் இரண்டு மரத்திலிருந்து விழுந்தது. அந்த 74 ரூபாயைக் கழித்தால் இட்லிச் செலவின் பக்கத்தில் வந்து நிற்கிறது, அவ்வளவுதான். காலையில் மிச்சமானது கேஸும் என் முதுகும்.

காசு மிச்சமானது சாயந்திரத்தில். லீவில் வீட்டிலிருக்கும் நாலு பிள்ளைகள் நாலு மணிக்குக் கடைக்கு ஓடுவார்கள். ஆளுக்கு ஒரு பத்து ரூபாய் பாக்கெட், நாளுக்கு ஒரு குளிர்பான பாட்டில், பெரியவர்களுக்கு டீக்கடை வடை, பஜ்ஜி. நூற்றைம்பது ரூபாய் எப்படிப் போனதென்றே தெரியாது, யாருக்கும் பசியும் அடங்கியிருக்காது. அந்த இடத்தில் வெள்ளரிப்பிஞ்சும், மாங்காயும், ஊறிய கடலையும், எள்ளுருண்டையும், பானகமும் வந்து உட்கார்ந்தபோது ஐம்பது ரூபாய்க்குள் முடிந்தது. ஒரு நாளைக்கு நூறு ரூபாய் என்பது எங்களுக்குப் பெரிய தொகை. கையிருப்பு குறைவாக இருக்கிற வீட்டில் இரண்டில் ஒன்றை மட்டும் செய்ய முடியுமென்றால் சாயந்திரத்தை மாற்றுங்கள், காலையை இட்லிக்கே விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

இந்தக் கணக்கு ஆப்பிள், பாதாம், பேரீச்சை என்று போனால் ஒரு வாரம் தாங்காது. எங்கள் ஊரில் அந்தந்த மாதத்தில் கிடைப்பதை வைத்துச் செய்வதால்தான் இது கட்டுப்படியாகிறது.

முளைப்பயறு

இந்தச் செய்முறையில் அதிகம் கவனம் கேட்டது இதுதான், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

டெல்டாவில் பயறு வருகிற விதமே நம் கைக்கு ஒரு வசதி. தை மாதத்தில் சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கும் நெல்லுக்குள்ளேயே விதையைத் தெளித்துவிடுகிறோம். தனியாக உழவும் இல்லை, தண்ணீரும் இல்லை. சேற்றில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் தை, மாசிப் பனியையும் குடித்தே வளர்ந்துவிடும். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஆடுதுறை 3 ரகம் இப்படித் தெளிப்பதற்கு ஏற்றது. பங்குனியில் செடியைப் பிடுங்கிக் களத்தில் போட்டு அடித்துத் தூற்றினால், விலைக்குப் போட்டதுபோக வீட்டுக்கென்று ஒரு மூட்டையாவது நிற்கும். புதுப்பயறு ஒரே சீராக முளைக்கும், மில்லில் பாலீஷ் போட்டு வருவதைவிட ருசியும் கூடுதல். ஒரு எச்சரிக்கை: விதைக்கென்று மருந்து கலந்து, சாயம் ஏற்றி விற்கிற பயறை எக்காரணம் கொண்டும் தின்பதற்கு எடுக்கக்கூடாது. கழுவினாலும் அந்த மருந்து போகும் என்று நம்ப முடியாது.

முறத்தில் போட்டுப் புடைத்து, கல், மண், வண்டு துளைத்தது எல்லாம் எடுத்துவிட வேண்டும். பிறகு தண்ணீரில் கொட்டினால் மேலே மிதப்பது சொத்தை, அதையும் வடித்துவிட வேண்டும். ஊறின பிறகு இன்னொரு தடவை கையால் அளைந்து பார்க்கிறேன். எத்தனை மணி நேரம் ஊறினாலும் கல் மாதிரியே நிற்கும் பயறு ஒவ்வொரு கைப்பிடியிலும் நாலைந்து இருக்கும். வேகவைக்கும் சுண்டலில் அது தெரியாமல் போய்விடும், பச்சையாகக் கடிக்கும்போது பல்லைப் பதம் பார்த்துவிடும். என் மாமியாருக்குப் பல் பாதிதான் இருக்கிறது, அதனால் இந்த வேலையை நான் விடுவதில்லை.

ராத்திரி முழுக்க ஊறவைக்கச் சொல்வது வழக்கம். மே மாத வெக்கையில் அது ஒத்துவராது, எட்டு மணி நேரத்தில் நுரை தட்டிப் புளிப்பு வாடை வந்துவிடும். ஐந்து மணி நேரம் போதும். நான் வைத்துக்கொண்ட நேரம் இதுதான்: காலை பத்து மணிக்கு ஊறப்போடுவேன். மூன்று மணிக்கு வடித்து, இரண்டு தண்ணீரில் அலசி, பழைய வேட்டித் துணியில் தளர்வாக முடிந்து, கொல்லைத் தாழ்வாரத்தில் வெயில் படாத இடத்தில் தொங்கவிடுவேன். இறுக்கி முடிந்தால் நடுவில் இருக்கும் பயறு மூச்சுமுட்டிச் சூடாகிக் கெட்டுவிடும். ஆறு மணிக்கு ஒரு தடவை, படுக்கப்போகும் முன் ஒரு தடவை மூட்டையைப் பிரித்து அலசி மறுபடி முடிவேன். விடியும்போது நெல்மணி நீளத்துக்கு வெள்ளை மூக்கு எட்டிப் பார்க்கும். அந்தப் பருவத்தில்தான் இனிப்பு. முளை ஒரு அங்குலத்தைத் தாண்டினால் புல் வாடை அடிக்கும், பிள்ளைகள் தொடமாட்டார்கள். 200 கிராம் பயறு முளைவிட்டதும் இரண்டு மடங்குக்கும் மேல் வருகிறது.

துணியைத் தினமும் சோப்பில்லாமல் கொதிதண்ணீரில் அலசி வெயிலில் காயப்போட வேண்டும். இரண்டு துணி வைத்து மாற்றி மாற்றி எடுத்தால் சிரமமில்லை. அலசும் தண்ணீர் குடிக்கிற தண்ணீராகவே இருக்க வேண்டும், போர் செட் தண்ணீரோ ஆற்றுத் தண்ணீரோ கூடாது. பயறு கையில் வழவழப்பாக ஒட்டினாலோ, புளித்த வாடை வந்தாலோ, சந்தேகம் என்று தோன்றினாலே கூட, அது மாட்டுக்குத்தான்.

இவ்வளவு சுத்தம் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2011-ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் ஜெர்மனியில் ஈ.கோலை கிருமியால் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் படுத்தார்கள். விசாரித்துக்கொண்டே போனபோது அது முளைகட்டிய வெந்தயத்தில் போய் முடிந்தது. கிருமி விதையோடேயே வந்திருந்தது. முளைகட்டும் ஈரமும் இளஞ்சூடும் விதைக்கு எவ்வளவு இதமோ கிருமிக்கும் அவ்வளவு இதம். விதையின் தோலுக்கடியில் ஒளிந்திருப்பது எத்தனை அலசினாலும் முழுக்கப் போகாது. நல்ல உடம்புக்காரருக்கு வயிற்றுப்போக்கோடு போகக்கூடியது, கர்ப்பிணிக்கும் முதியவருக்கும் கைக்குழந்தைக்கும் பெரிய ஆபத்தாகிவிடலாம். அதனால் நாத்தனாருக்கும் மாமியாருக்கும் நாலு வயதுக் கடைக்குட்டிக்கும் அதே முளைப்பயறை நன்றாக வேகவைத்துத்தான் கொடுத்தேன். "எனக்காக மட்டும் அடுப்பு பத்த வைக்கிறீங்களே அண்ணி, நானும் இப்படியே தின்னுட்டுப் போறேன்" என்றாள் நாத்தனார். அந்தப் பத்து நிமிட கேஸை மிச்சம் பிடிக்க எனக்கு மனசில்லை. பச்சையாகத்தான் சாப்பிட வேண்டும் என்பதைவிட வயிற்றில் இருக்கிற பிள்ளை எனக்கு முக்கியம்.

அவல்

மெல்லிசு அவல் இதற்கு உதவாது, தண்ணீர் பட்டதும் குழைந்து களியாகிவிடும். தடி அவல் எடுத்து, தூசு போக ஒரு தண்ணீரில் அலசி, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் வைத்து வடித்தால் பூப்போல விரியும். மாப்பிள்ளைச் சம்பா சிவப்பு அவல் என்றால் முக்கால் மணி நேரம் வேண்டும். எங்கள் டெல்டாவில் திருத்துறைப்பூண்டி ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்திப் பழைய ரகங்களை மறுபடி வயலுக்குக் கொண்டுவந்தவர். 2018 டிசம்பரில் அவர் போய்விட்டார். அவருக்குப் பிறகும் இந்த அவல் கும்பகோணம், தஞ்சாவூர்க் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. மெல்ல நேரம் பிடிக்கும், பசி வெகுநேரம் தாங்கும். விலை வெள்ளை அவலைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு என்பதால் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

இனிப்பு அவல் பிள்ளைகளுக்கு. ஒரு தேங்காயைத் துருவி, மிக்சியில் அடித்து முதல் பால் பிழிந்து, அதில் பொடித்த வெல்லமும் ஏலக்காயும் கரைத்து, வடித்த அவலில் ஊற்றிப் பூவன் பழத்தை நறுக்கிப் போட வேண்டும். வெல்லத்தில் மண் இருக்கும், அதனால் பாலில் கரைத்து வடிகட்டியே ஊற்றுகிறேன். தேங்காய்ப்பால் இந்த வெயிலில் இரண்டு மணி நேரம்கூட நிற்காது. எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் பிழிவேன். பிழிந்த சக்கையை எறிவதில்லை, சாயந்திர உருண்டைக்கு அது போகும்.

உப்பு அவல் பெரியவர்களுக்கு. இதில்தான் எனக்கு வேலை பிடித்தது. தாளிக்காமல் ருசி எங்கிருந்து வரும்? கடுகும் கறிவேப்பிலையும் எண்ணெயில் பொரிகிற வாசனைக்குப் பழகின நாக்கு, பச்சை அவலை வெறும் ஈர நெல் என்றுதான் சொல்லும். மாங்காய்த் துருவலும் இஞ்சியும் சேர்ந்தபோது அந்தக் குறை தீர்ந்தது. வடித்த அவல், முளைப்பயறு, தேங்காய்த் துருவல், துருவிய மாங்காய், பொடிப்பொடியாய் நறுக்கிய வெள்ளரி, பச்சை மிளகாய், இஞ்சி, கொத்தமல்லி, உப்பு. மேலே அம்மியில் நுணுக்கிய மிளகும் சீரகமும். அப்போது நுணுக்கினால்தான் அந்த வாசனை தூக்கும், டப்பாவில் இருக்கும் பொடியில் அது வராது. மாங்காய் இல்லாத நாளில் எலுமிச்சை. புளிப்புச் சேர்வதில் இன்னொரு லாபமும் உண்டு, பயறில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு வாங்கிக்கொள்ள வைட்டமின் சி துணை செய்கிறது.

தேங்காயைக் குறைத்துப் பார்த்த நாட்களில் பதினோரு மணிக்கே எல்லோருக்கும் பசித்தது. பழத்தையும் காயையும் எவ்வளவு கூட்டினாலும் அந்தப் பசி நிற்கவில்லை. தேங்காயும் கடலையும்தான் வயிற்றைப் பிடித்து நிறுத்துகின்றன. எட்டுப் பேருக்கு இரண்டு தேங்காய்க்குக் கீழே இறங்கக்கூடாது. நிலக்கடலையைத் தோலோடு ராத்திரி ஆறேழு மணி நேரம் ஊறவைத்தால், இடையில் ஒரு தடவை தண்ணீர் மாற்றினால், காலையில் வயலிலிருந்து பிடுங்கின பச்சைக்கடலை மாதிரி இனிக்கும். பூஞ்சை பிடித்தது, சுருங்கினது, கருத்தது எதையும் சேர்க்கக்கூடாது. அந்தப் பூஞ்சை நஞ்சு கல்லீரலைக் கெடுக்கக்கூடியது. ஊறவைத்தாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது.

மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறது. வெல்லம் போட்ட அவல் அவருக்குக் கிடையாது. உப்பு அவலிலும் அவல் ஒரு பங்கு, வெந்த பயறும் காயும் தேங்காயும் இரண்டு பங்கு என்று வைத்தேன். அவலும் அரிசிதானே, அடுப்பில் ஏறவில்லை என்பதற்காகச் சர்க்கரையை ஏற்றாமல் விடாது.

அவருக்கு ஆரம்பத்தில் இதெல்லாம் பிடிக்கவில்லை. "ஒரு சட்டி பழையது இருந்தா போதாதா? பச்சை மிளகாயக் கடிச்சுக்கிட்டு வயலுக்குப் போயிடலாம். இதுக்குப்போய் இத்தனை பாடு படுறியேம்மா" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. காலையில் அடுப்பு மூட்டாத சாப்பாடு என்றால் எங்கள் மண்ணில் பழையசோறுதான் முதல், அதைவிட மலிவும் கிடையாது. "பழையது நம்ம மூணு பேருக்குச் சரி அத்தை, ராத்திரிக்கும் மதியச் சோத்தத்தானே போடுறோம், எட்டுப் பேருக்கு மிஞ்சுமா? அதுக்குன்னு தனியா ஒரு உலை வைக்கணுமே" என்றேன். வாரத்தில் இரண்டு நாள் பழையது என்று சமாதானமானோம். அந்த நாளில் தொட்டுக்கொள்ள முளைப்பயறும் மாங்காயும். அவருக்கு மட்டும் வெந்த பயறு.

வயிறு உப்பல் வரும், அதையும் சொல்ல வேண்டும். பழக்கமில்லாத குடலுக்கு ஒரேயடியாக ஒரு கிண்ணம் பச்சைப் பயறு கொடுத்தால் பொருமத்தான் செய்யும். முதல் வாரம் ஆளுக்கு இரண்டு கரண்டிக்கு மேல் வைக்காமல், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். இஞ்சி கட்டாயம். மெதுவாக மென்று தின்னச் சொல்லி நாலு பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. கொண்டைக்கடலையைப் பச்சையாக முளைகட்டித் தருவதை நான் நிறுத்திவிட்டேன், பெரியவர்களுக்கே அது கனம்.

சாயந்திரம்

தாராசுரம் மார்க்கெட்டுக்கு அவர் வேலையாகப் போகிற நாளில், சந்தை கலையும் நேரத்தில் வெள்ளரியும் மாங்காயும் வாங்கி வருவார். காலையில் வாங்குவதற்கும் அப்போது வாங்குவதற்கும் நல்ல வித்தியாசம். வேதாரண்யம் பக்கத்து மாம்பழம் வரத்து கூடும் நாட்களில் ஒட்டு மாங்காய் இன்னும் மலிவு. நுங்கு ஊரிலேயே வெட்டித் தருவார்கள். அதை எண்ணிக்கை பார்க்காமல் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தேன், அது வருவதே இந்த இரண்டு மாதம்தான்.

பாக்கெட்டை மறக்கவைத்தது எள்ளுருண்டை. எள் ஒரு பங்கு, ஊறவைத்துத் துணியில் ஈரம் ஒற்றிய கடலை இரண்டு பங்கு, தேங்காய்ச் சக்கை ஒரு பங்கு, வெல்லம் ஒன்றரைப் பங்கு. எள்ளைக் கழுவி வெயிலில் காயவைத்து மிக்சியில் ஒரு சுற்றுச் சுற்றி, மற்றதையும் போட்டு இன்னும் ஒரு சுற்று. கையில் ஒட்டாமல் உருட்ட வரும். வறுக்காத எள்ளில் லேசான கசப்பு நிற்கும், ஏலக்காய் அதை மறைத்துவிடும். ஈரம் இருப்பதால் அன்றைக்கே தின்றுவிட வேண்டும், மறுநாள் வைத்தால் ஊசிப்போகும். சக்கையும் காலையிலிருந்து சாயந்திரம் வரை வெளியில் தாங்காது, ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் காலையிலேயே உருட்டி மதியத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.

நாத்தனாரின் பெரிய பெண்ணுக்கு மொறுமொறுப்பு வேண்டும். "அத்தை, இதெல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா கடிக்கச் சத்தம் வரலியே" என்றது. வெள்ளரிப்பிஞ்சை நீளமாகக் கீறி, மிளகாய்த்தூள், உப்பு, எலுமிச்சை தடவிக் கொடுத்தேன். சத்தம் வந்தது. மறுநாள் அதுவே அரிவாள்மணை கேட்டது, கத்தி கொடுத்துப் பக்கத்தில் நின்றேன். அதற்குப் பிறகு கோசுமல்லி நறுக்குவது அவளுடைய பொறுப்பாகிவிட்டது. பாசிப்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, வெள்ளரி, தேங்காய், மாங்காய், எலுமிச்சை, உப்பு சேர்த்தால் கோசுமல்லி. ஸ்ரீராமநவமிக்குப் பானகம், நீர்மோரோடு கொடுப்பார்களே, அதேதான். தாளிப்பு மட்டும் இல்லை. முளைகட்டும் காத்திருப்பு வேண்டாம் என்பதால் விருந்தாளி வந்தால் இதுதான் கைகொடுக்கும்.

குளிர்பானத்துக்குப் பதில் பானகம்: வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய், மண்பானைத் தண்ணீர். பெரியவர்களுக்கு நீர்மோர். திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு பக்கம் தார் வெட்டின வாழைத்தண்டு சும்மாவே கிடைக்கும். எங்கள் ஊரிலும் கேட்டால் யாரும் காசு வாங்குவதில்லை. மெல்லிசாக வட்டமாய் நறுக்கி, நாரை விரலில் சுற்றி எடுத்து, மோரில் போட்டு உப்பும் இஞ்சியும் சேர்த்தால் பச்சடி. செலவே இல்லாத ஒரு பதார்த்தம், மதியச் சோற்றுக்கும் ஆகும்.

பச்சையாகத் தொடக்கூடாதவை

அடுப்பில்லாச் சாப்பாடு என்று ஆரம்பித்தால் பிள்ளைகள் கையில் கிடைத்ததையெல்லாம் கடித்துப் பார்ப்பார்கள். மரவள்ளிக்கிழங்கைப் பச்சையாகக் கடிக்கவிடக்கூடாது, அதில் சயனைடு இருக்கிறது. மொச்சையும் ராஜ்மாவும் முளைகட்டினாலும் வேகாமல் தின்னக்கூடாது. கருணையும் சேனையும் தொண்டையை அரித்துவிடும். சுரைக்காய்ச் சாறு உடம்புக்கு நல்லது என்று குடிப்பவர்கள் நுனியை வெட்டி நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும், கசந்தால் முழுக் காயையும் எறிந்துவிட வேண்டும். கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து இந்தியாவில் உயிரே போயிருக்கிறது. வெள்ளரிக்கும் இதே சோதனைதான்.

வாய்க்கால் வரப்பில் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் மே மாதத்திலும் ஈரம் பார்த்துத் தழைத்திருக்கும். பறித்துத் துவையல் அரைக்கலாம் என்று கை போகும். ஆனால் மாடு மிதித்துச் சாணி போட்ட இடம், மேலே வயலில் அடித்த மருந்து வடிந்து வருகிற இடம். அதைக் குழம்பில் போடுவேன், பச்சையாக அரைக்கமாட்டேன். கொல்லையில் உடைந்த பானையில் மண் போட்டு வல்லாரை நட்டிருக்கிறேன், பச்சைத் துவையலுக்கு அந்தக் கீரை மட்டும்தான்.

ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரையில் படைக்கிற காப்பரிசியை நினைத்து, ஊறின பச்சரிசியையே ஒரு வேளைச் சாப்பாடாக வைத்தால் என்ன என்று அவர் கேட்டார். ரேஷன் பச்சரிசி, வெல்லம், தேங்காய், எள். செலவு ரொம்பக் குறைவுதான். ஆனால் வேகாத அரிசி மாவு பிள்ளைகள் வயிற்றில் சரியாகச் செரிக்காது. ஒரு கைப்பிடி பிரசாதமாகத் தின்னும் அளவோடு அது நிற்க வேண்டும், அதனால் வேண்டாம் என்றுவிட்டேன்.

சிலிண்டர் வழக்கமாக லீவில் காலியாகும் நேரத்தைத் தாண்டி ஒரு வாரத்துக்கும் மேல் ஓடியது. சாயந்திரத்தில் மிச்சமான காசைத் தகர டப்பாவில் தனியாகப் போட்டுவந்தேன், இரண்டு பிள்ளைகளுக்கும் நோட்டுப் புத்தகம் வாங்க அது ஆயிற்று. நாத்தனார் ஊருக்குக் கிளம்பும்போது ஒரு மரக்கால் பயறும் இரண்டு பழைய வேட்டித் துணியும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். பிள்ளை பிறக்கும்வரை வேகவைத்தே சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

வரும் தையில் உளுந்தைக் குறைத்து ஒரு மா நிலத்தில் பச்சைப்பயறு மட்டுமே தெளிப்பதாக நானும் அவரும் பேசி வைத்திருக்கிறோம். உளுந்து அளவுக்கு விலை வராது. வீட்டுக்கு ஆகும்.